ஓசானாம் தேர்ந்துகொண்ட படிப்பு



விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, ஆலய வரலாற்றையே எழுதலாமென்று எண்ணினோம். அதைப் பெரியவர்கள் சிலர் நம்மைவிட நன்றாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே, ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் பங்கு இல்லத்து வராந்தாவில் நடப்பதை மனத்தில் வைத்து வேறொன்று எழுதத் துணிந்தோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும் தகப்பனாரும் பிள்ளையுமாக வருகிறார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, யாருக்குச் சிபாரிசுக் கடிதம் என்று பேச்சு நடக்கும். பேசுகிறவர் தகப்பனார். பிள்ளையோ சுவரில் மாட்டியிருக்கும் பாப்பரசர் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

நம் பங்கில் நெடுங்காலமாக வின்சென்ட் தே பவுல் சபை இயங்கிவருவதை அனைவரும் அறிவோம். அச்சபையைப் புனித வின்சென்ட் தாமே நிறுவினார் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அப்புனிதர் 1660-ஆம் ஆண்டிலேயே இறைவனடி சேர்ந்தவர். சபை பிறந்ததோ 1833-இல். அதைத் தொடங்கியவர்கள் பாரிஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர். அவர்களுள் முதன்மையானவர் பிரெடெரிக் ஓசானாம். அவர் ஏழைகளுக்குச் செய்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் என்ன படித்தார், எதற்காகப் படித்தார், கிடைத்த நல்ல வேலையை ஏன் விட்டார் என்பதைத்தான் நாம் இங்கே சொல்லப்போகிறோம்.

ஓசானாம் 1813 ஏப்ரல் 23-ஆம் நாள் மிலான் நகரில் பிறந்தார். இத்தாலியில் பிறந்தாலும் பிரெஞ்சுக் குடும்பம். தகப்பனார் முன்பு நெப்போலியன் படையில் குதிரைவீரராக இருந்தவர். படையை விட்டபின், மனைவி மக்கள் என்று ஆன வயதில், மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். 1816-இல் குடும்பம் தங்கள் சொந்த ஊராகிய லியோன் நகருக்குத் திரும்பியது. பதினான்கு பிள்ளைகள் பிறந்த வீடு அது. அவர்களுள் பெரும்பாலோர் சிறுவயதிலேயே இறந்துபோயினர். பிரெடெரிக்குக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அக்காளும் பத்தொன்பது வயதில் இறந்தாள். எஞ்சியவர்கள் மூன்று ஆண்மக்கள். மூத்தவர் அல்போன்ஸ் குருவானார். இளையவர் சார்ல்ஸ் தகப்பனாரைப்போல மருத்துவரானார். நடுப்பிள்ளைதான் பிரெடெரிக்.

லியோன் பட்டு நெசவு நகரம். ஏழை நெசவாளர்கள் உயர்ந்த வீடுகளின் மேல்மாடிகளில் குடியிருந்தார்கள். இந்த மருத்துவர் அவர்களைக் காசு வாங்காமல் பார்த்துவந்தார். அம்மையாரும் ஏழை நோயாளிகளைச் சந்திக்கப் போவார். வயது ஏறி மூச்சு வாங்கத் தொடங்கியபோது, நான்கு மாடிக்கு மேல் ஏறுவதில்லை என்று கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்களாம். பிறகு ஒருநாள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஏறிப்போய், அதே மேல்மாடிப் படிக்கட்டில் எதிரெதிரே சந்தித்துக்கொண்டார்களாம். குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி இது. பிள்ளைகளை உட்காரவைத்து ஏழைகளிடம் இரக்கமாயிருக்கச் சொல்லிக்கொடுத்தார்களா என்பது நமக்குத் தெரியாது. படிக்கட்டில் ஏறியதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அது தெரியும்.

பதினைந்து, பதினாறு வயதில் பிரெடெரிக்குக்கு விசுவாசத்தில் பெரும் ஐயம் வந்தது. கல்லூரியில் கேட்டதும் படித்ததும் அவரைக் கலக்கின. இரவில் தூக்கமில்லை. அப்போது அவருக்குத் தத்துவ ஆசிரியராக இருந்தவர் நுவாரோ என்ற குருவானவர். அவர் பையனைக் கடிந்துகொள்ளவில்லை. உடன் அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் நெடுந்தூரம் நடந்தார். கேள்வி கேட்கவிட்டார்; தாமும் கேட்டார். அந்தக் கலக்கத்தின் நடுவில்தான், தமக்கு ஒளி கிடைக்குமானால் வாழ்நாள் முழுவதையும் உண்மையின் பணிக்கே கொடுத்துவிடுவதாகப் பிரெடெரிக் கடவுளுக்கு வாக்களித்தார். ஒளி கிடைத்தது. அப்போது அவர் எந்தத் தொழிலையும் தேர்ந்துகொண்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தொழிலைத் தகப்பனார் தேர்ந்து வைத்திருந்தார். மகன் சட்டம் படித்து நீதிபதியாக வேண்டும் என்பது அவர் ஆசை. கெட்ட ஆசை அல்ல. பல மாணவர்கள் சீரழிந்த பாரிசுக்குச் சிறுவயதிலேயே அனுப்ப அஞ்சி, பதினேழு வயது மகனை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்த்துவிட்டார். பகலெல்லாம் வழக்குத் தாள்களைப் படியெடுக்கும் வேலை. மற்ற நேரத்தில் பையன் ஜெர்மன், ஆங்கிலம், எபிரேயம் என்று மொழிகளைக் கற்றுக்கொண்டிருந்தார். சமஸ்கிருதத்தையும் தொட்டுப் பார்த்தார். எல்லா நாட்டு மக்களின் பழைய சமயங்களையும் ஆராய்ந்து கிறிஸ்தவத்தின் உண்மையை நிறுவும் பெரியதொரு நூல் எழுதவேண்டும் என்பது அவருடைய கனவு. 1831-இல், பதினெட்டு வயதில், அக்காலத்தில் இளைஞரைக் கவர்ந்துவந்த சான்சிமோன் கொள்கையை மறுத்துச் சிறு நூலொன்றும் வெளியிட்டுவிட்டார். கிறிஸ்தவம் கிழடாகிவிட்டது, இனி மனிதகுலத்துக்குப் புதிய சமயம் வேண்டும் என்பது அக்கொள்கை.

அவ்வாண்டு இறுதியில் சட்டம் படிக்கப் பாரிஸ் சென்றார். முதலில் தங்கிய விடுதியில் பேச்சும் பழக்கமும் அவருக்கு ஒவ்வவில்லை. தகப்பனாருக்குத் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்து வணக்கம் சொல்லப் போனவரை, அந்த வீட்டுக்காரரே தம் வீட்டில் ஓர் அறை கொடுத்துத் தங்கவைத்துக்கொண்டார். யார் அவர் தெரியுமா? மின்சாரத்தை அளக்கும் அலகுக்குப் பெயர் தந்த ஆம்பியர்தான். நம் வீட்டு மின்பெட்டியில் இத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே, அவரேதான். உலகம் போற்றிய அந்த அறிஞர் ஓர் ஆலயத்தில் மூலையில் மண்டியிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்ததை ஓசானாம் ஒருநாள் பார்த்தார். பெரிய படிப்பும் விசுவாசமும் ஒரே மனிதருக்குள் இருக்கக்கூடும் என்று அதற்குமுன் அவருக்கு நூல்கள் சொல்லியிருந்தன. இப்போது கண்ணால் கண்டார்.

தந்தை சொற்படி சட்டக் கல்லூரிக்குப் போனார். தம் தாகத்தின்படி சோர்போன் பல்கலைக்கழகத்தில் இலக்கிய, வரலாற்று விரிவுரைகளையும் கேட்டார். பேராசிரியர்கள் சிலர் திருச்சபையைத் தாக்கிப் பேசும்போது, கத்தோலிக்க மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மரியாதையாக எழுத்தில் மறுப்புத் தெரிவிப்பார். 1832-இல் பாரிசில் காலரா பரவி 18,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர் ஊரைவிட்டு ஓடவில்லை.

வரலாற்றை விவாதிக்க மாணவர் மன்றம் ஒன்று வாரந்தோறும் கூடியது. அங்கே சான்சிமோன் கொள்கையினன் ஒருவன் எழுந்து, கிறிஸ்தவம் பழங்காலத்தில் பெரிய காரியங்களைச் செய்தது உண்மை, இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்ற கருத்தில் ஒரு கேள்வி கேட்டான். விவாதத்தில் எப்போதும் வெல்லும் ஓசானாமுக்கு அன்று பதில் இல்லை. தம்மிடம் எஞ்சியிருந்த விறகை அவரும் ஒரு நண்பரும் சுமந்துபோய் ஏழை ஒருவரின் வீட்டில் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். 1833 ஏப்ரல் 23-ஆம் நாள், அவருக்கு இருபது வயது நிறைந்த அன்று, பாயி என்ற பத்திரிகையாளரின் அலுவலகத்தில் எழுவர் கூடினார்கள். பாயி ஒருவர்தான் வயது முதிர்ந்தவர்; மற்ற அறுவரும் மாணவர்கள். ஏழைகளை எப்படி அணுகுவது என்று இவர்களுக்குத் தெரியாது. மூஃப்தார் பகுதிச் சேரிகளில் ஊழியம் செய்துவந்த ரோசலி ரெந்து என்ற பிறரன்புக் கன்னியரிடம் போய்க் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சகோதரியும் 2003-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

அதே 1833-இல் பெற்றோருடன் இத்தாலிக்குப் பயணம் செய்தார். வத்திக்கானில் ரபாயேல் வரைந்த, திவ்விய நற்கருணையைச் சூழ்ந்து திருச்சபையின் மறைவல்லுநர்கள் நிற்கும் சுவரோவியத்தைப் பார்த்தார். ஆயர்களுக்கும் குருக்களுக்கும் நடுவே, தலையில் இலைமாலை சூடிய பொதுநிலையினர் ஒருவர் நிற்கிறார். கவிஞர் தாந்தே! இங்கே ஒரு கவிஞருக்கு என்ன வேலை என்ற வியப்பு ஓசானாமை விடவில்லை. பிற்காலத்தில் அவருடைய ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு வியப்பிலிருந்தே கிளைத்தது.

1836-இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தந்தைக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியது. லியோன் திரும்பி வழக்கறிஞராகப் பணி தொடங்கினார். ஏழைகளுக்காக வாதாடப் பிடித்தது, மற்றவை ஒவ்வவில்லை. கட்சிக்காரரிடம் கட்டணம் பேசுவதும், தம் பக்கத்தைக் கூட்டியும் எதிர்ப்பக்கத்தைக் குறைத்தும் பேசுவதும் அவர் மனத்துக்கு ஆகவில்லை. உண்மைக்கு வாழ்நாளைக் கொடுத்தவருக்குப் பாதி உண்மை பேசும் தொழில் பெருஞ்சுமைதான். (வழக்கறிஞர் அனைவரையும் நாம் குறை சொல்லவில்லை. நம் பங்குப் பேரவையிலேயே நேர்மையான வழக்கறிஞர் இருவர் இருக்கிறார்கள்.)

இந்த இடத்தில் நம்மைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது, ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துவந்தார். பையன் பீடச்சிறுவன். மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குக் கதை சொன்னால் ஒருவரும் அசையமாட்டார்கள். அவனுக்குத் தமிழ் படித்து ஆசிரியனாக ஆசை. தகப்பனாருக்குப் பொறியியல். நாம் ஓசானாமின் வரலாற்றைக் குருமடத்திலேயே படித்தவர்தாம். இருந்தும் தகப்பனார் பக்கம் சேர்ந்துகொண்டு, ஆசிரியர் வேலைக்கு இப்போது என்ன மதிப்பு என்று நாமே கேட்டோம். சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தோம். இன்று அவன் வெளியூரில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். திருவிழாவுக்கு நன்கொடை அனுப்புகிறான். தொலைபேசியில் மரியாதையாகப் பேசுகிறான். படிப்பைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நாமும் கேட்டதில்லை.

ஓசானாமிடம் திரும்புவோம். 1837-இல் தகப்பனார் நோயாளியைப் பார்க்கச் சென்ற இடத்தில் படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்தார். அண்ணன் குரு, தம்பி சிறுவன், தாய் நோயாளி. குடும்பப் பாரம் நடுப்பிள்ளை தலையில் விழுந்தது. பாரிசில் ஆராய்ச்சி செய்யத் துடித்தவர் லியோனிலேயே தங்கினார். பிடிக்காத நீதிமன்ற வேலையைச் செய்தார். வீட்டில் மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இரவில் தாந்தேயைப் படித்தார். உயர்ந்த நோக்கம் உடையவர் வீட்டை உதறிவிட்டுத்தான் போகவேண்டும் என்று எண்ணும் இளைஞர், இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1839 தொடக்கத்தில் தாந்தே பற்றிய ஆய்வுக்காகச் சோர்போனில் இலக்கிய டாக்டர் பட்டமும் கிடைத்தது.

அதே ஆண்டு லியோனில் வணிகச் சட்டப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். வணிகச் சட்டம் என்றால் கடன், கூட்டு வாணிகம், திவால் என்று வறண்ட பாடம் என்றுதான் எவரும் எண்ணுவர். எட்டு ஆண்டுகளுக்கு முன், 1831 நவம்பரில், அந்நகரத்துப் பட்டு நெசவாளர்கள் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்து இரத்தம் சிந்தியிருந்தார்கள். ஓசானாம் அந்தப் பாடத்துக்குள்ளேயே கூலியையும் உழைப்பையும் கொண்டுவந்தார். தொழிலாளியை முதலாளி ஒரு கருவியாக மட்டும் பார்ப்பது அநீதி என்றும், குடும்பத்தைக் காக்கவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் முதுமைக்குச் சேமிக்கவும் போதுமானதாகக் கூலி இருக்கவேண்டும் என்றும் விளக்கினார். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் தொழிலாளர் பற்றிய சுற்றுமடல் வெளிவந்தது 1891-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் இது. தகப்பனார் கட்டாயத்தால் படித்த சட்டம் வீணாகவில்லை. விரும்பாத படிப்பில் சேர்ந்துவிட்ட பிள்ளைகள் நம் பங்கில் எத்தனையோ பேர். இந்தப் பக்கத்தை அவர்களை நினைத்தே நீட்டி எழுதினோம்.

அம்மையாரும் 1839-இல் காலமானார். இப்போது ஓசானாமைக் கட்டுவது ஒன்றுமில்லை. துறவறமா, இல்லறமா? புகழ்பெற்ற மறையுரையாளர் லக்கோர்தேர் பிரான்சில் மீண்டும் சாமிநாதர் சபையை நிறுவும் முயற்சியில் இருந்தார். ஓசானாம் தம்முடன் வந்துவிடுவார் என்று அவர் எதிர்பார்த்தார். பழைய ஆசிரியர் நுவாரோ சுவாமியோ திருமணம் செய்துகொள்ளும்படி ஆலோசனை சொன்னார். குருமடத்துக்கு ஒரு பிள்ளை வராதா என்று ஏங்கிக்கிடக்கும் நம்மைப் போன்ற பங்குக்குருக்களுக்கு இது சற்று உறுத்தும். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. நுவாரோ தமக்கு வேண்டியதைப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்த்தார்.

1840-இல் பாரிசில் பல்கலைக்கழக ஆசிரியர் பதவிக்கான தேசியப் போட்டித் தேர்வு நடந்தது. சில மாதத் தயாரிப்புடன் ஓசானாம் உட்கார்ந்தார். வாய்மொழிப் பாடத்துக்குச் சீட்டுக் குலுக்கியபோது அவருக்கு விழுந்தது, பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களுக்கு உரை எழுதியவர்களைப் பற்றிய தலைப்பு. கேட்டவர்கள் சிரித்துவிட்டார்களாம், அவ்வளவு சலிப்பான பொருள். அதையே வைத்து அவர் அவையை அசத்தினார். முதலிடம் கிடைத்தது. சோர்போனில் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியர் ஃபோரியேல் தமக்குத் துணைப் பேராசிரியராக வரும்படி அழைத்தார்.

இங்கேதான் உண்மையான தேர்வு வந்தது. லியோனில் சட்டப் பேராசிரியர் பதவி கையில் இருந்தது. இலக்கியப் பேராசிரியர் பதவியும் சேர்ந்து கிடைக்கும். நல்ல வருமானம், நிலையான வாழ்வு, சொந்த ஊர். பாரிசிலோ மற்றொருவருக்குப் பதிலாளாகக் குறைந்த சம்பளம். எந்த ஆண்டும் நின்றுபோகலாம். போதாக்குறைக்கு, அந்நேரத்தில்தான் லியோன் கல்வித்துறைத் தலைவர் சூலாக்ருவாவின் மகள் அமேலியைப் பெண் பேசியிருந்தார்கள். வருங்கால மாமனார் லியோனையே விரும்பினார். யார் விரும்பமாட்டார்? ஆனால் திருச்சபையின் குரல் கேட்காதிருந்த இடம் சோர்போன். பதினாறு வயதில் கொடுத்த வாக்கு அங்கே போகச் சொன்னது. ஓசானாம் நிலைமையை மறைக்காமல் அமேலியிடம் தெரிவித்தார். முடமான தன் தம்பியை அன்போடு பேணிவந்த அந்தப் பெண், வருமானம் குறைந்த பாரிசுக்குச் சம்மதித்தாள். 1841 ஜூன் 23-ஆம் நாள் அண்ணன் அல்போன்ஸ் சுவாமி திருப்பலி நிறைவேற்ற, திருமணம் நடந்தது. அதுமுதல் ஒவ்வொரு மாதமும் 23-ஆம் தேதி மனைவிக்கு மலர்ச்செண்டு கொடுப்பதை ஓசானாம் தம் இறுதி நாள்வரை விட்டதில்லை.

சம்பளம் போதாமல் பள்ளியொன்றிலும் கற்பித்தார். 1844-இல் ஃபோரியேல் இறந்தபின் சோர்போனில் முழுப் பேராசிரியரானார். வகுப்பில் அவர் மறையுரை செய்யவில்லை. இலக்கியமும் வரலாறும் நடத்தினார். ஒருநாள் குறும்பர் சிலர் கதவிலிருந்த அறிவிப்பில் அயல்நாட்டு இலக்கிய வகுப்பு என்பதை மாற்றி இறையியல் வகுப்பு என்று எழுதிவைத்தனர். பாடம் முடிந்தபின் அவர் அமைதியாக, தாம் இறையியலர் அல்லவென்றும், கிறிஸ்தவனாயிருப்பது தமக்குப் பெருமை என்றும், உண்மைக்காகத் தம் ஆற்றல் முழுவதையும் செலவிட விரும்புவதாகவும் சொன்னார். மாணவர் கைதட்டினர்.

1848-இல் பாரிசில் புரட்சி வெடித்தது. ஓசானாம் லக்கோர்தேருடன் சேர்ந்து பத்திரிகை நடத்தி, ஏழைத் தொழிலாளர் பக்கம் நிற்கும்படி கத்தோலிக்கரை வேண்டினார். தேர்தலில் நின்று தோற்றார். ஜூன் மாதம் தெருச்சண்டை மூண்டபோது, இருதரப்பிலும் சமாதானம் பேசும்படி பேராயர் அஃப்ர் ஆண்டகையிடம் நண்பர்களுடன் போய்க் கேட்டுக்கொண்டார். பேராயர் போனார், குண்டடிபட்டு இறந்தார். அந்தத் துயரம் ஓசானாமைக் கடைசிவரை விடவில்லை.

அளவுக்கு மிஞ்சிய உழைப்பு அவர் சிறுநீரகத்தை வாட்டியது. 1852-இல் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, பேராசிரியர் வகுப்புக்கு வராமல் சம்பளம் வாங்குகிறார் என்று மாணவர் கூச்சலிட்ட செய்தி எட்டியது. மனைவியும் மருத்துவரும் தடுத்தும் எழுந்து போனார். வெளிறிய முகத்தைக் கண்டதும் மாணவர் வெட்கி நின்றனர். அன்று அவர் நடத்தியதே கடைசிப் பாடம். உடல்நலம் தேடி இத்தாலிக்குச் சென்று, திரும்பும் வழியில் மார்செய் துறைமுகத்தில் 1853 செப்டம்பர் 8-ஆம் நாள் இறந்தார். நாம் வேளாங்கண்ணிக்கு நடக்கும் தேவதாயின் பிறந்த நாள். அவருக்கு வயது நாற்பது. மகள் மாரி எட்டு வயதுச் சிறுமி.

அவர் எழுத்துகளைத் திரட்டி வெளியிட்டவர்களுள் ஆம்பியரின் மகனும் ஒருவர். அண்ணன் அல்போன்ஸ் சுவாமி தம்பியின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1879-இல் வெளியிட்டார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், 1997 ஆகஸ்டு 22-ஆம் நாள், உலக இளைஞர் நாளுக்காகப் பாரிஸ் சென்றிருந்தபோது, நோத்ர் தாம் பேராலயத்தில் ஓசானாமை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அவருடைய கல்லறை பாரிசில் கார்மல் சபையாரின் பழைய ஆலயத்து நிலவறையில் இருக்கிறது. அதை ஒட்டியிருப்பது கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். இப்போதும் அங்கே மாணவர்கள் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள்.